கடைக் கம்ப்யூட்டரில் பி.எச்.பி. பதிப்பை மாற்றுவது எப்படி?



தலைப்பைப் பார்த்ததும், "இது கம்ப்யூட்டர் பையன்கள் படிக்க வேண்டியது, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்புக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

நாம் பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, சர்க்கரை மொத்த வியாபாரம் செய்துவருகிறோம். சுற்று வட்டாரச் சில்லரைக் கடைக்காரர்கள் இன்டர்நெட் வழியாகவே ஆர்டர் போடவும், தங்கள் பேரில் உள்ள பாக்கியைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறோம். அது பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டது. அதே புரோகிராமின் இன்னொரு நகல் நம் கடைக் கம்ப்யூட்டரிலும் உண்டு. எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும் முதலில் கடை நகலில் செய்து பார்த்து, பிறகுதான் இன்டர்நெட் நகலில் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

2023-ஆம் ஆண்டு, நம் புரோகிராமை வாடகைக்கு வைத்திருந்த சர்வர்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். "பழைய பி.எச்.பி. பதிப்பை இன்ன தேதியோடு நிறுத்துகிறோம், உங்கள் புரோகிராமைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்பது சாரம். நாம் அதைப் படித்தோம், ஓரமாக வைத்தோம். தேதி வந்தது. ஆர்டர் பக்கம் வெறும் வெள்ளைத் தாளாக நின்றது. அன்று சந்தைக்கு முதல் நாள். நம் மகனும், புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் இரவோடு இரவாக இன்டர்நெட் நகலிலேயே கைவைத்துச் சரிசெய்தார்கள். விடியற்காலை பக்கம் திறந்தது. நாமும் நிம்மதியாகக் கடை திறந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சில்லரைக் கடைக்காரர் நேரில் வந்தார். "அண்ணாச்சி, நம்ம பேர்ல பாக்கியே இல்லைன்னு காட்டுது. நான் இன்னும் பத்து பைசா கட்டலையே!" என்றார். அவருடைய நேர்மை நம்மைக் காப்பாற்றியது. தேடிப் பார்த்தபோது அவரைப்போல் இருபத்துமூன்று கடைகள் பாக்கிப் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தன. தொகை மூன்று லட்சத்துக்கு மேல். இது எப்படி நேர்ந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்குகிறோம். முதலில் அடிப்படை.

பி.எச்.பி. என்பது என்ன?

நாம் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, கணக்கைப் பார்த்து, விலையைப் பெருக்கி, பில்லாக்கித் தருவதற்கு சர்வரில் ஒரு மொழி வேலை செய்கிறது. அந்த மொழிகளில் மிகவும் பரவலானது பி.எச்.பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-இல் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கி, 1995-இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார். இன்றும் இலவசம்தான்.

இதைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க மூன்று பொருள் வேண்டும். பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி சர்வர், கணக்குகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ், இடையில் வேலை செய்யும் பி.எச்.பி. இம்மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதுதான் எக்ஸாம்ப். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. டேட்டாபேஸாக முன்பு மை எஸ்.க்யூ.எல். இருந்தது, 2015-க்குப் பிறகு அதன் இடத்தில் மரியா டி.பி. வந்திருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் வழக்கமாக சி டிரைவில் எக்ஸாம்ப் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். நம் புரோகிராம் ஃபைல்கள் அதற்குள் எச்.டி.டாக்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும்.

ஆக, இன்டர்நெட்டில் உள்ளது கடைத்தெரு. கடைக் கம்ப்யூட்டரில் உள்ளது குடோன். சரக்கைக் குடோனில் பிரித்துப் பார்த்துச் சலித்த பிறகே கடைக்கு அனுப்புகிறோம் அல்லவா? அதே முறைதான்.

பதிப்பை ஏன் மாற்ற வேண்டும்?

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலாகாலத்தில் முத்திரை வைத்துக்கொள்கிறோம். கல் அதே கல்தான்; ஆனால் முத்திரைக் காலம் தாண்டினால் அதை நம்பி எடை போடக் கூடாது. பி.எச்.பி. பதிப்புகளும் அப்படியே. ஒவ்வொரு பதிப்புக்கும் இவ்வளவு காலம்வரை பழுது பார்ப்போம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். இப்போதுள்ள முறைப்படி முதல் 2 ஆண்டுகள் எல்லாப் பழுதும் பார்க்கப்படும். அடுத்த 2 ஆண்டுகள் திருடர் நுழையும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். அதற்குப் பிறகு ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் இல்லை.

5.6 பதிப்பின் கெடு 2018 டிசம்பர் 31-இல் முடிந்தது. 7.4 பதிப்பின் கெடு 2022 நவம்பர் 28-இல் முடிந்தது. 8.2 பதிப்புக்கு 2026 டிசம்பர் 31 வரையிலும், 8.3-க்கு 2027 டிசம்பர் 31 வரையிலும், 8.4-க்கு 2028 டிசம்பர் 31 வரையிலும் கெடு. 6 என்ற எண்ணில் பதிப்பே வெளிவரவில்லை. 5-க்குப் பின் நேராக 7 வந்தது. யாராவது "பி.எச்.பி. ஆறு போட்டுத் தருகிறேன்" என்றால் உஷாராக இருக்கவும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்டர்நெட் சர்வரில் ஒரு பதிப்பும், கடையில் வேறு பதிப்பும் இருந்தால், குடோனில் சரியாக இருந்த சரக்கு கடையில் கெட்டுப்போகும். நம்மிடம் சர்வரில் 7.4 இருந்தது, கடையில் 5.6 தூங்கிக்கொண்டிருந்தது. சர்வர் 8.2-க்குப் போனபோது, ஓட்டிப் பார்க்க நமக்கு இடமே இல்லாமல் போனது. அதனால்தான் அந்த இரவு நேராகக் கடைத்தெருவிலேயே கைவைக்க வேண்டியதாயிற்று. வேர் இதுதான்.

கைவைக்கும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று: இப்போது என்ன பதிப்பு ஓடுகிறது என்று பாருங்கள். எக்ஸாம்பை ஓடவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வரும் முகப்புப் பக்கத்தில் பி.எச்.பி. இன்ஃபோ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் வரும் நீண்ட பக்கத்தில் நான்கு விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பதிப்பு எண், 32 பிட்டா, 64 பிட்டா என்பது, திரெட் சேஃப்டி இருக்கிறதா என்பது, எந்த பி.எச்.பி. ஐ.என்.ஐ. ஃபைலைப் படிக்கிறது என்பது. அந்தக் கடைசி ஃபைலில்தான் எல்லா அமைப்பும் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு: எச்.டி.டாக்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்து வெளி டிரைவில் வையுங்கள்.

மூன்று: பி.எச்.பி. மை அட்மின் பக்கத்தில் எக்ஸ்போர்ட் என்பதை அழுத்தி டேட்டாபேஸை எஸ்.க்யூ.எல். ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்கி இன்னொரு எக்ஸாம்பில் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். டேட்டாபேஸ் பதிப்பு மாறியிருந்தால் அது படிக்காமல் முரண்டு பிடிக்கும். எக்ஸ்போர்ட் செய்வதே நேர்வழி.

நான்கு: அன்றைய தேதியில் பாக்கிப் பட்டியல், இருப்புப் பட்டியல், அந்த மாத விற்பனை மொத்தம், ஜி.எஸ்.டி. மொத்தம் இவற்றைப் பழைய பதிப்பிலேயே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். ஏன் என்பது பிறகு தெரியும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி நம் கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். பதிப்பு மாற்றத்தில் டேட்டா போய்விட்டது என்ற சமாதானம் அங்கே செல்லாது. ஆகவே நகல் எடுக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மாற்றும் முறை: இரண்டு வழிகள்

முதல் வழி: புது எக்ஸாம்பைத் தனியாக வைப்பது

கடைக்காரர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இதைத்தான். எக்ஸாம்பின் பதிப்பு எண்ணே அதிலுள்ள பி.எச்.பி.யின் எண்ணையும் சொல்லிவிடும். 8.2 வேண்டுமானால் 8.2 என்று தொடங்கும் எக்ஸாம்பை டவுன்லோடு செய்து, பழைய ஃபோல்டரில் போடாமல், எக்ஸாம்ப்8 என்று புது ஃபோல்டர் பெயர் கொடுத்து நிறுவுங்கள். பழைய எக்ஸாம்பின் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சியையும் டேட்டாபேஸையும் நிறுத்திவிட்டு, புதியதை ஓடவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒரே வாசலில் இரண்டு கடை திறக்க முடியாதல்லவா? அப்பாச்சியின் வாசல் எண் வழக்கமாக 80. அதை ஒருவர் பிடித்துக்கொண்டால் அடுத்தவர் திறக்க முடியாது.

பிறகு எச்.டி.டாக்ஸ் நகலைப் புது ஃபோல்டருக்குள் போடுங்கள். புது பி.எச்.பி. மை அட்மினில் பழைய பெயரிலேயே ஒரு டேட்டாபேஸ் உண்டாக்கி, எஸ்.க்யூ.எல். ஃபைலை இம்போர்ட் செய்யுங்கள். டேட்டாபேஸ் உண்டாக்கும்போது எழுத்து முறையாக யு.டி.எஃப்.8 எம்.பி.4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து முறை குழம்பினால் கடைக்காரர்களின் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக் குறிகளாகிவிடலாம். ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மறுத்தால், பி.எச்.பி. ஐ.என்.ஐ. ஃபைலில் அப்லோடு வரம்பு, போஸ்ட் வரம்பு இரண்டையும் உயர்த்தி, அப்பாச்சியை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும்.

இந்த வழியில் பழைய எக்ஸாம்ப் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. ஏதாவது சிக்கல் என்றால் புதியதை நிறுத்திப் பழையதைத் திறந்து வியாபாரத்தைப் பார்க்கலாம்.

இரண்டாம் வழி: பி.எச்.பி.யை மட்டும் மாற்றுவது

இதைப் பழக்கமுள்ள தம்பிகள் செய்யலாம். முதலில் அப்பாச்சியை நிறுத்த வேண்டும். விண்டோஸுக்கான பி.எச்.பி. பக்கத்திலிருந்து திரெட் சேஃப் என்று குறித்திருக்கும் ஜிப் ஃபைலையே எடுக்க வேண்டும். நான் திரெட் சேஃப் என்பதில் அப்பாச்சியோடு இணையும் டி.எல்.எல். ஃபைல் இருக்காது. அப்பாச்சி 64 பிட் என்றால் பி.எச்.பி.யும் 64 பிட்டாக இருக்க வேண்டும். நெட்டும் போல்ட்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பூட்டாது. அந்தப் பதிப்புக்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும்.

எக்ஸாம்புக்குள் இருக்கும் பி.எச்.பி. ஃபோல்டரை அழிக்காமல், பெயரை மட்டும் பி.எச்.பி. பழையது என்று மாற்றிவைத்து, அதே இடத்தில் புதியதைப் பிரித்துப் போடுங்கள். பழைய ஐ.என்.ஐ. ஃபைலை அப்படியே நகல் செய்ய வேண்டாம். அதில் உள்ள பல வரிகளைப் புதிய பதிப்பு அறியாது. புதியதோடு வரும் டெவலப்மென்ட் மாதிரி ஐ.என்.ஐ. ஃபைலை எடுத்துப் பெயர் மாற்றி, நமக்கு வேண்டிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.ஐ., எம்.பி. ஸ்ட்ரிங், கர்ல், ஓப்பன் எஸ்.எஸ்.எல்., ஜி.டி. ஆகிய இணைப்புகளைத் திறந்துவிட வேண்டும். விண்டோஸில் பழைய பதிப்புகளில் ஜி.டி.2 என்று இருந்தது 8.0 முதல் ஜி.டி. ஆகிவிட்டது. நேர மண்டலம் ஆசியா கொல்கத்தா என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் பில்லில் நேரம் மணிக்கணக்கில் முன்பின்னாகி, தேதியே மாறிவிடும்.

அடுத்து, அப்பாச்சியின் கான்ஃப் ஃபோல்டருக்குள், எக்ஸ்ட்ரா ஃபோல்டரில் உள்ள எச்.டி.டி.பி.டி. எக்ஸாம்ப் கான்ஃப் ஃபைலைத் திறந்து, பி.எச்.பி. 7 என்று வரும் டி.எல்.எல். பெயர்களை பி.எச்.பி. 8 என்று மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாட்யூல் பெயரில் மட்டும் 7-ஐ 8 ஆக்கக் கூடாது. பி.எச்.பி. 7 மாட்யூல் என்று இருந்தது, 8 முதல் எண் இல்லாமல் வெறும் பி.எச்.பி. மாட்யூல் ஆகிவிட்டது. அந்தப் பெயர் ஃபைலில் வருகிற எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். பிறகு அப்பாச்சியை ஓடவிட்டு, பி.எச்.பி. இன்ஃபோ பக்கத்தில் புது எண் வருகிறதா என்று பார்க்கவும். அப்பாச்சி எழும்பவில்லை என்றால் லாக்ஸ் ஃபோல்டரில் உள்ள எர்ரர் லாகின் கடைசி வரிகளைப் படித்தால் காரணம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: கறுப்புத் திரையில் பி.எச்.பி. பதிப்பு கேட்டால் ஒரு எண்ணும், பிரவுசரில் கேட்டால் வேறு எண்ணும் வரலாம். கம்ப்யூட்டரில் இரண்டு பி.எச்.பி. இருக்கிறது என்று பொருள். நம் பில் புரோகிராமுக்குப் பிரவுசரில் வரும் எண்ணே கணக்கு.

எங்கே இடிக்கும்?

பதிப்பு மாறியதும் வரும் தொல்லைகள் இரண்டு வகை. சத்தம் போடுபவை ஒரு வகை. சத்தம் போடாதவை மறு வகை.

சத்தம் போடுபவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மிகப் பழைய புரோகிராம்கள் மை எஸ்.க்யூ.எல். என்று தொடங்கும் கட்டளைகளால் டேட்டாபேஸோடு பேசின. 2013-இல் வந்த 5.5 பதிப்பிலேயே இவை வேண்டாம் என்று எச்சரித்தார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதில் மை எஸ்.க்யூ.எல்.ஐ. கட்டளைகளைப் போட வேண்டும். பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதாது. புதியதில் இணைப்பை முதலிலும் கேள்வியைப் பின்னாலும் தர வேண்டும்; பழையதில் தலைகீழ். அதேபோல ஈச் என்ற கட்டளை 7.2-இல் எச்சரிக்கை பெற்று, 2020 நவம்பரில் வந்த 8.0-இல் நீக்கப்பட்டது. நம் ஆர்டர் பக்கம் வெள்ளையாக நின்றதற்கு அந்த ஈச்தான் காரணம். அதை ஃபார் ஈச் என்று மாற்றி எழுதினால் தீர்ந்தது. 8.1 முதல், டேட்டாபேஸ் கேள்வியில் தவறு இருந்தால், முன்போல் வாய் மூடி இராமல் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். இதுவும் நல்லதுக்கே.

சோதனைக் கம்ப்யூட்டரில் எர்ரர்களைத் திரையில் காட்டும் அமைப்பைத் திறந்து வையுங்கள். 5.6-இலிருந்து போகிறவர்கள் நடுவில் 7.4-இல் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நலம். 8.0-இல் நீக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை 7.4 முன்கூட்டியே "இது வழக்கொழிந்தது" என்று எச்சரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இன்டர்நெட் நகலில் மட்டும் எர்ரர்களைத் திரையில் காட்டவே கூடாது. லாக் ஃபைலில் எழுதவைத்தால் போதும்.

சத்தம் போடாத தொல்லை

இப்போது இருபத்துமூன்று கடைகளின் கதைக்கு வருகிறோம்.

நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1957 ஏப்ரல் 1-இல் நம் நாட்டில் தசம நாணயம் வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்று முதல் ரூபாய்க்கு 100 பைசா. பைசா என்ற பெயர் ஒன்றே, மதிப்பு வேறு. குழப்பம் வரக் கூடாது என்றுதான் புதியதை நயா பைசா என்றார்கள். 1964 ஜூன் முதல்தான் நயா என்ற சொல்லை எடுத்தார்கள். பழைய பைசாவைப் புதிய பைசாவாக எண்ணிப் பேரேட்டில் எழுதியவர்களுக்குக் கணக்கு உதைத்திருக்கும். ஆனால் எழுதிய தாள் எந்தச் சத்தமும் போட்டிருக்காது.

பி.எச்.பி. 8.0-இலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. நம் புரோகிராமில் ஒவ்வொரு பில்லுக்கும் வரவு என்று ஒரு கட்டம் உண்டு. நம் கடையில் பில்லுக்குப் பில் முழுதாகத் தீர்ப்பதே வழக்கம். ஆகவே, "வரவு பூஜ்யத்துக்குச் சமமா? சமம் என்றால் பாக்கிப் பட்டியலில் சேர். இல்லையென்றால் தீர்ந்த பட்டியலில் சேர்" என்று எழுதியிருந்தார்கள். நம் கடையில் பில் ஏற்றுபவர்கள் இருவர். ஒருவர் பணம் வராத பில்லில் 0 என்று அடிப்பார். மற்றவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். 7.4 வரை பி.எச்.பி.க்கு, காலிக் கட்டமும் பூஜ்யமும் சமம். ஆகவே இருவர் போட்ட பில்லும் பாக்கியில் வந்தன. 8.0 முதல் காலி எழுத்து பூஜ்யத்துக்குச் சமம் ஆகாது. புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு சமக் குறிகளின் பொருள் மாறிவிட்டது. காலியாக விட்ட பில்கள் எல்லாம் தீர்ந்த பட்டியலுக்குப் போய்விட்டன. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. 7.4-இல் ஓட்டிப் பார்த்திருந்தாலும் இதற்கு எச்சரிக்கை வந்திராது.

புது விதி தப்பு என்று நாம் சொல்லவில்லை. காலி என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். "எழுதவில்லை" என்பது வேறு, "ஒன்றும் வரவில்லை" என்பது வேறு. பழைய பதிப்பு நம் சோம்பலைப் பொறுத்துக்கொண்டிருந்தது, புதியது பொறுத்துக்கொள்ளவில்லை.

நம்மை மீட்டது, பழக்கம் விடாமல் நம் கணக்குப்பிள்ளை எழுதிவந்த பேரேடு. அதை வைத்து இருபத்துமூன்று கடைகளுக்கும் நேரில் போனோம். இருபத்தொரு பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் "கட்டியாயிற்று, உங்கள் கம்ப்யூட்டரே சொல்கிறதே" என்றார்கள். அந்த இரு பில்களிலும் பேரேட்டில் கையெழுத்து இல்லை. நாம் வாதாடவில்லை. நம் கணக்கே தீர்ந்தது என்று சொன்னபோது அவர்களை எப்படிக் குறை சொல்வது? அந்த நஷ்டத்தை நம் கவனக்குறைவின் கூலி என்று எழுதிக்கொண்டோம்.

பிறகு செய்த மாற்றம் சிறியது. வரவுக் கட்டம் டேட்டாபேஸில் எழுத்து வகையாக இருந்தது. அதைத் தசம எண் வகையாக்கி, காலியாக விட்டால் 0 என்று தானே விழும்படி செய்தோம். ஏற்கெனவே காலியாக இருந்தவற்றைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து நிரப்பினோம். புரோகிராமில் சமக் குறி வருகிற எல்லா இடத்தையும் தேடி, ஒப்பிடும் முன் எண்ணாக மாற்றிக்கொள்ளும்படி திருத்தினோம். இரண்டு நாள் வேலை.

சரிபார்க்கும் முறை

பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. கணக்கு ஒத்துப்போகிறதா என்பதே சரிபார்ப்பு. பழைய பதிப்பில் எடுத்த பிரிண்டுகளை நான்காவது குறிப்பில் சொன்னோம். அதே டேட்டாவைப் புது பதிப்பில் ஏற்றி, அதே பட்டியல்களை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. பாக்கிப் பட்டியலில் கடைகளின் எண்ணிக்கை ஒன்றா? மொத்தத் தொகை பைசா சுத்தமாக ஒன்றா?

2. இருப்புப் பட்டியலில் மூட்டைக் கணக்கும் கிலோக் கணக்கும் ஒன்றா?

3. விற்பனை மொத்தமும் ஜி.எஸ்.டி. மொத்தமும் ஒன்றா?

4. பழைய பில்களில் பத்தைத் திறந்து பாருங்கள். தள்ளுபடி உள்ள பில், திரும்பி வந்த சரக்கின் பில், ஏதாவது கட்டம் காலியாக உள்ள பில், தமிழ்ப் பெயர் உள்ள பில் இவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

5. புதிதாக ஒரு பில் போட்டு, பணம் வரவு வைத்து, ரத்து செய்து பாருங்கள்.

ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் "சின்னத் தொகைதானே" என்று விடக் கூடாது. சாக்கில் சிறு ஓட்டை என்றாலும் வழி நெடுக அரிசி கொட்டும். காரணம் கண்டுபிடித்த பிறகே இன்டர்நெட் நகலில் ஏற்ற வேண்டும். அதையும் வியாபாரம் மந்தமாக உள்ள நாளில் செய்யுங்கள். சந்தைக்கு முதல் நாளும் ரிட்டர்ன் கட்டும் வாரமும் ஆகாது. ஏற்றிய பிறகு ஒரு மாதமாவது பழைய எக்ஸாம்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

புரோகிராம் தம்பியிடம் கேட்க வேண்டியவை

நமக்கு மொழி தெரியாமல் இருக்கலாம். கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். சர்வரில் என்ன பதிப்பு, கடையில் என்ன பதிப்பு, இரண்டும் ஒன்றா? அந்தப் பதிப்பின் கெடு எப்போது முடிகிறது? காலிக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் ஒப்பிடும் இடங்களைத் தேடிப் பார்த்தாயா? நகலை எடுத்து வைத்ததோடு சரியா, அதிலிருந்து திருப்பி ஏற்றியும் பார்த்தாயா? இந்த நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேலையை ஆரம்பிக்கச் சொல்ல வேண்டாம். தம்பிக்கு உரிய கூலியையும் அவகாசத்தையும் கொடுங்கள். இரவோடு இரவாக முடி என்று நாம் அவசரப்படுத்தியதும் அன்றைய பிழைக்கு ஒரு காரணம். அதை மறைக்க விரும்பவில்லை.

கெடு தேதியைக் கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். முத்திரைத் தேதியும் லைசென்ஸ் தேதியும் எழுதுகிற அதே இடத்தில் எழுதினால் போதும். கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே குடோனில் புது பதிப்பை இறக்கிச் சலித்துப் பார்க்கத் தொடங்கினால், சர்வர்காரர் கடிதம் வரும்போது நமக்குப் பதற்றம் இருக்காது.

அன்று கடை தேடி வந்து பாக்கியைச் சொன்ன அந்தச் சில்லரைக் கடைக்காரருக்கு இன்றும் நாம் முதல் ரகச் சரக்கையே ஒதுக்கி வைக்கிறோம். அவரைப் போன்றவர்கள் எல்லா நாளும் வரமாட்டார்கள். நம் கணக்கை நாமே ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.